மொட்டை மாடியில் ஒரு துணி வீடு

காஞ்சிபுரத்தில் சொந்தச் சம்பாத்தியத்தில் மூன்று அடுக்கு வீடு கட்டிய ஒருவன், துணியில் இன்னொரு வீடு வாங்க மெட்ராஸுக்குப் போனான் என்றால் சிரிப்பீர்கள். அந்த ஒருவன் நான்தான். சிரிப்பதற்கு முன்னால் நான் யார் என்று தெரிந்துகொண்டு சிரித்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. டவுனுக்கு வந்து, சைக்கிள் கேரியரில் சேலைக் கட்டை வைத்துக்கொண்டு தறி வீட்டுக்கும் கடைக்கும் நடுவே மிதித்தேன். இன்று கோயிலுக்குப் போகிற தெருவில் எனக்கே ஒரு பட்டுக் கடை. என் கண்ணைக் கட்டிவிட்டுக் கையில் துணியைக் கொடுங்கள். பட்டா, பாதிப் பட்டா, பட்டே இல்லையா என்று இரண்டு விரல்கள் சொல்லிவிடும். விரலை நம்பாதவர்களுக்காகக் கல்லாவில் ஒரு தீப்பெட்டி வைத்திருக்கிறேன். முந்தானை ஓரத்தில் ஓர் இழையைப் பிடுங்கிப் பற்றவைப்பேன். அசல் என்றால் தலைமுடி கருகிய வாசனை வரும், சாம்பல் விரலில் பொடிந்துபோகும். போலி என்றால் உருகி மணியாக உருண்டுகொள்ளும். எவ்வளவு படித்தவரும் அந்த நெருப்புக்கு முன்னால் வாயைத் திறந்ததில்லை.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். கீழே நானும் என் மனைவியும். முதல் மாடியில் மகன், மருமகள், அவர்களுடைய பிள்ளைகள் இருவர். இரண்டாவது மாடி மகளுக்கு. மெட்ராஸில் இருக்கிறாள், கணவரோடும் குழந்தையோடும் லீவுக்கு வருவாள். அறைக்கு அறை ஏசி, அறைக்கு அறை பாத்ரூம், அறைக்கு அறை தேக்குக் கதவு. கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் அந்தக் கதவுகளைத் தட்டிப் பார்த்து அசந்துபோனார்கள். கதவுகளும் வீண்போகவில்லை. குடிவந்த நாளிலிருந்து மூடியே இருக்கின்றன. சாப்பாடு தயார் என்பதை என் மனைவி வாட்ஸ்அப்பில்தான் தெரிவிக்கிறாள். இத்தனைக்குப் பிறகும் மூன்றாவது மாடி எழுப்புவதாக இருந்தேன். அதற்காக மொட்டை மாடித் தூண்களில் கம்பிகளைக்கூட நீட்டி விட்டிருந்தேன்.

போன கோடை லீவில் ஒருநாள் என் மனைவி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆளுக்கொரு ரூமு கட்டிக் குடுத்தியே, எம் புள்ளைங்க மூஞ்சிய நான் போன்லதான் பாத்துக்கினு இருக்கறேன்."

"ஏசி போட்டா கதவ சாத்தத்தான் வேணும். குளிரு வெளிய பூடும்ல?"

"உன் குளிர நீயே வச்சிக்க. ஒரே ஒரு தபா, ஒம்போது பேரும் ஒரே எடத்துல படுக்கணும். அதுக்கு வழி பண்ணு. அடுத்த மாடி அப்புறம் கட்டிக்கலாம்."

நகை கேட்டிருந்தால் அன்றைக்கே முடித்திருப்பேன். சேலைக்கோ கடையே இருக்கிறது. இவள் கேட்டது எந்தக் கடையிலும் தொங்காத சரக்கு.

கருட சேவை முடிந்ததும் எல்லாருமாக ஜவ்வாது மலைக்குப் போவது என்று முடிவாயிற்று. மருமகன் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலையில் இருப்பவர், எதையும் முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறவர். மலையில் நல்ல விடுதி ஒன்றைப் பிடித்து, நான்கு அறை பார்த்துவிட்டார்.

"அங்கயும் கதவா?" என்று மட்டும் கேட்டாள் என் மனைவி.

மகள்தான் டென்ட் யோசனையைச் சொன்னாள். மகனுக்குத் தெரிந்தவரின் தோப்பு மலையில் இருக்கிறது, அங்கே போட்டுக்கொள்ளலாம். மருமகன் மறுக்கவில்லை, அவர் எதையும் மறுக்காத மனிதர்.

"ஓகே மாமா. ஆனா டென்ட் சரிப்படலைன்னா ரூம்லயே தங்கிடலாம். ஹோல்டுல வச்சிருக்கேன்."

பதினைந்தாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று நான் சொல்லிவிட்டேன். பணம் இல்லாமல் இல்லை. துணி வியாபாரி துணிக்கு அதிகம் கொடுத்து ஏமாந்தான் என்று ஊரில் பேசக்கூடாது, அவ்வளவுதான்.

மெட்ராஸில் மகனும் மருமகனும் எங்கள் இருவரையும் கூட்டிப்போன விளையாட்டுச் சாமான் கடை ஒரு கல்யாண மண்டபம் அளவுக்கு இருந்தது. டென்ட்டுகளைப் பிரித்தே நிறுத்தியிருந்தார்கள். விற்கிற பெண் எங்களை முதலில் பெரியதற்கு அழைத்துப்போனாள்.

"எய்ட் பர்சன் சார். த்ரீ பெட்ரூம்."

உள்ளே பார்த்தேன். உண்மைதான். துணியிலேயே மூன்று அறை தடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஜிப்பு வைத்திருந்தான். மருமகன் முகம் மலர்ந்தது.

"பிரைவசி இருக்கு மாமா."

என் மனைவி ஒரு ஜிப்பை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். "ஏம்மா, துணிக்குக்கூடவா கதவு வப்பாங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். விலை என் கணக்கைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இந்த விஷயத்தில் என் மனைவியின் ஆசையும் என் பையும் ஒரே கட்சி.

மூலையில் இன்னொன்று இருந்தது. தடுப்பே இல்லை, ஒரே கூடம். விலை பதினைந்துக்குள் அடங்கியது. இதுவும் எட்டுப் பேருக்கு என்றாள் அந்தப் பெண். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மல்லாந்து படுத்தேன். அளவு என்றால் ஆளைப் படுக்கவைத்துத்தான் பார்க்கவேண்டும். மனைவியைப் படுக்கச் சொன்னேன், மகனைப் படுக்கச் சொன்னேன். மருமகனையும் கூப்பிட்டேன், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து படுத்தார். நாலு பேருக்கே பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது.

"யாருமா அந்த எட்டு பேரு? சோறு தின்றவங்களா?"

"கொஞ்சம் க்ளோஸா படுக்கணும் சார்" என்றாள்.

"அதாம்மா எனுக்கு வேணும்" என்று என் மனைவி படுத்தபடியே சொன்னாள்.

பேரம் பேசினேன். ஃபிக்ஸட் பிரைஸ் என்றாள். என் தொழிலில் இதற்கு மருந்து உண்டு: எழுந்து போய்விடவேண்டும். என் கடையில் யாராவது எழுந்தால், செருப்பு மாட்டுவதற்குள் கூப்பிட்டு உட்காரவைத்துவிடுவோம். நான் எழுந்து நடந்தேன். நகரும் படிக்கட்டு வரைக்கும் நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் வேறு யாருக்கோ சைக்கிள் காட்டிக்கொண்டிருந்தாள். எதையோ மறந்துவிட்டு வந்தவன்போல நானே திரும்பிப் போய், சொன்ன விலையைக் கொடுத்தேன். பத்து நாளுக்குள் பழுதில்லாமல் கொண்டுவந்தால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்றாள். அதை என்னைவிட மருமகன்தான் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மொட்டை மாடியில் அதைப் போட்டுப் பார்த்தோம். சிமெண்டுத் தரையில் முளை இறங்குமா? கயிறுகளை எல்லாம் மூன்றாவது மாடிக்காக நீட்டி விட்டிருந்த கம்பிகளில் இழுத்துக் கட்டினேன். தறியில் பாவு இழைகளை நீட்டியதுபோல் விறைப்பாக நின்றது. பிள்ளைகள் மூன்று பேரும் உள்ளே புகுந்துவிட்டார்கள். என் மனைவி தட்டு நிறைய மாங்காய்ப் பத்தையோடு மேலே வந்தாள். அந்தத் துணி வீட்டை ஒருமுறை சுற்றி வந்தாள். தட்டை முதலில் என்னிடம் நீட்டினாள்.

மருமகன் துணியை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"ரொம்ப மெல்லிசா இருக்கு மாமா. மழை வந்தா தாங்குமான்னு தெரியலை."

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் நான் எடுத்த துணியைப் பற்றி, என் மாடியில், என் எதிரில் விரலால் சுண்டிவிட்டுச் சொன்னார். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. கடைத் தீப்பெட்டி அங்கே இருந்தது.

"துணின்னா எப்படிப் பாக்கறதுன்னு காட்றேன், வாங்க மாப்பிள்ளை."

வாசலுக்கு மேலே தையலில் ஓர் இழை தொங்கியது. பிடுங்கிப் பார்த்தேன், வரவில்லை. தையல் உறுதி என்று மெச்சி, பிள்ளைகளை வெளியே வரச் சொல்லிவிட்டு, தொங்கிய இடத்திலேயே பற்றவைத்தேன்.

பட்டு நிதானமான ஜாதி; யோசித்து யோசித்துத்தான் எரியும். இதற்கு யோசனையே இல்லை. இழையைக் காணோம், தையலைக் காணோம், கூரையில் ஒரு பூரி அளவுக்கு வானம் தெரிந்தது. ஓரமெல்லாம் கறுப்பு மணி மணியாக உருண்டு நின்றது. மகன் பக்கெட் தண்ணீரை வீசினான். டென்ட்டும் நானும் நனைந்தோம்.

"நைனா, இன்னா இது, பட்டுப் பொடவையா?"

"நைலான்னு தெரிஞ்சிக்கினோம் இல்ல?"

"அது டப்பாவுலயே போட்டிருக்குது நைனா" என்றாள் மகள்.

மருமகன் சிரிக்கவில்லை. ஓட்டையை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனை எடுத்தார். "இனிமே ரிட்டர்ன் எடுக்கமாட்டாங்க. பரவாயில்லை மாமா. அந்த நாலு ரூமையும் கன்ஃபர்ம் பண்ணிடறேன்."

நான் என் மனைவியைப் பார்த்தேன். திட்டினால் தாங்கியிருப்பேன். அவள் குனிந்து, பக்கெட் தண்ணீர் பட்டுச் சிதறிக் கிடந்த மாங்காய்ப் பத்தைகளைப் பொறுக்கித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் மழை பிடித்தது. தூறல் எல்லாம் இல்லை, எடுத்த எடுப்பிலேயே ஊற்றியது. படிக்கட்டுக் கதவு மாடியின் அந்தக் கோடியில். மழையில் ஓடுகிறவன் பக்கத்தில் இருப்பதற்குள்தான் ஓடுவான். மருமகள் ஓடினாள், மகள் ஓடினாள், மகன் ஓடினான். மருமகன் போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார். எல்லாரும் டென்ட்டுக்குள். நான் தட்டில் இருந்ததை என் மனைவியின் மடியில் கொட்டிவிட்டு, தட்டை ஓட்டையில் அழுத்திப் பிடித்தபடி குனிந்து நின்றேன். பாதித் தண்ணீர் வெளியே வழிந்தது, மீதி என் கை வழியாக அக்குளுக்கு இறங்கியது. மற்ற இடத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை. அதை நான் இரண்டு முறை எடுத்துச் சொன்னேன்.

"எங்கயும் ஒழுகல, பாத்தீங்களா மாப்பிள்ளை?"

"கை வலிக்கும் மாமா, உக்காருங்க. நான் புடிக்கிறேன்." தட்டை வாங்கிக்கொண்டார்.

மழை விடுவதாக இல்லை. முட்டி முட்டியோடு இடித்தது. பேரப்பிள்ளைகள் யார் கால் யார் மேல் என்று சண்டை போட்டார்கள். மடியிலிருந்த மாங்காய் கை மாறிக் கை மாறிப் போயிற்று. என் மகள் பள்ளிக்கூட நாட்களில் தன் அண்ணன் போர்வையை இழுத்துக்கொண்டதைச் சொல்ல, அவன் இல்லை என்று சாதிக்க, மருமகள் "இன்னிக்கும் அதாங்க" என்று சாட்சி சொன்னாள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். அந்தப் பெண் சொன்னது சரிதான், க்ளோஸாகப் படுத்தால் எட்டுப் பேருக்கு இடம் இருந்தது. ஒன்பதாவது ஆள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எல்லார் முகத்தையும் நேரில் பார்க்க ஆசைப்பட்டவள் எல்லாருக்கும் முன்னால் தூங்கிப்போனாள். ஒரு பக்கம் பேரன், ஒரு பக்கம் மகள், வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்பலாமா என்று பார்த்தேன்.

"விடுங்க மாமா" என்றார் மருமகன் மெதுவாக. "அந்த நாலு ரூமையும் கேன்சல் பண்ணிடறேன். கைதான் சும்மா இல்லை. இந்தத் தட்டைக் கொஞ்சம் புடிக்கிறீங்களா?"

வாங்கிப் பிடித்துக்கொண்டேன். கீழே மூன்று அடுக்கிலும் யாரும் இல்லை. கதவுகள் எல்லாம் திறந்தே கிடந்தன.