வெள்ளை லேஞ்சி

துறைமுகத்துக்குப் பக்கத்துப் பேராலயத்தில் மாஸ்டர்தான் ஓர்கன் வாசித்தார். மடிப்புக் கலையாத சேர்ட், மெல்லிய விரல்கள். அவருக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற நாங்கள் யாராவது ஓர்கனைத் தொட்டுவிட்டால், பொக்கற்றில் மடித்து வைத்திருக்கிற வெள்ளை லேஞ்சியால் அந்த இடத்தைத் துடைப்பார், எங்கள் விரலில் ஊத்தை இருக்கிறதுபோல. அந்த லேஞ்சியைக் கண்டாலே எனக்கு அருவருக்கும்.

ஒருநாள், கடலுக்குப் போய்ச் சவமாக வந்த பாலையூற்றுப் பெடியன் ஒருவனின் அடக்கப் பூசை. தாய் பெட்டியைக் கட்டிப்பிடித்து, தவக்காலத்தில் பாடும் பசாம் ஒப்பாரியின் ராகத்திலேயே மகனைக் கூப்பிட்டு அழுதாள். இவர் ஓர்கன் சத்தத்தைக் கூட்டினார். அவள் குரல் உயர உயர, இன்னும் கூட்டினார்.

"மாஸ்டர், குறையுங்கோ. தாயெல்லோ அழுகிறா" என்றேன்.

"அவ சுருதியில இல்லை. கோயிலுக்கெண்டு ஒரு தரம் இருக்கு" என்றார், திரும்பாமலே.

குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன். ஓர்கன் அடங்க, அந்தத் தாயின் குரல் மட்டும் பீடம் வரைக்கும் போனது. கோயிலே விம்மியது.

அவரும் காதுகொடுத்துக் கேட்டார். கண் கலங்குகிறாரோ என்று பார்த்தேன்.

"சுருதி அரைக்கட்டை குறையுது" என்றார். பிறகு லேஞ்சியை எடுத்து, நான் தொட்ட பிளக்கைத் துடைத்து, திரும்பவும் மாட்டினார்.