பெட்ரோலில் கரையாத உப்பு

வாட்ச் பாகங்களை அதிர்வில் கழுவும் மெஷினை இன்றுதான் எங்கள் வாட்ச் ரிப்பேர் கடையில் முதன்முதலாக ஓட்டினேன். மூக்குக்கண்ணாடிக் கடைகளில் வைத்திருக்கும் சின்ன மெஷினே போதும் என்றார் விற்றவர். தண்ணீரைச் சூடாக்கவும் செய்யும் மெஷினாகப் பார்த்து வாங்கினேன்.

கணவர் இறந்த பிறகு கடையை நான்தான் பார்க்கிறேன். அவர் கடைசிவரை பெட்ரோலில்தான் கழுவினார்.

பாம்பன் மீனவர் ஒருவரின் வாட்ச் ஒரே ஒரு தடவை கடலில் விழுந்தது. கழுவிக் கொடுத்தும் மூன்று முறை நின்றது. மூன்று முறையும், "ஏலே, பொய் சொல்லாத. திரும்பக் கடல்ல முக்கியிருக்க" என்று என் கணவர் அவரைத் திட்டினார்.

இன்று அவர் மறுபடி கொண்டுவந்த அதே வாட்சை இந்த மெஷினில் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி மாட்டினேன். ஓடியது.

"உப்பு போயிருச்சு தம்பி. இனி நிக்காது."

"அண்ணே கழுவுனப்ப போகலையாக்கா?"

"பெட்ரோல்ல உப்பு கரையாது. நீங்க பொய் சொல்லல."

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிச்சேன்."

அவர் சிரித்துவிட்டார். "மூணு தடவையும் பக்கத்துலதானக்கா உக்காந்திருந்தீங்க?"

எனக்கு அழுகையும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. "ஆமா" என்று வாட்சைத் துடைத்துக் கொடுத்தேன்.

எங்கள் கடையில் இப்படித் திட்டு வாங்கியவர்கள் வேறு யாராவது இருந்தால் கீழே கமெண்ட்டில் எழுதுங்கள். திட்டியவர் இப்போது இல்லை. பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த என்னிடம் ஏன் என்று கேட்கலாம்.