ஈயக்குட்டைக் கரையில் உப்பு பார்த்த கதை

ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று உண்டான எங்கள் ஈயக்குட்டைக்கு இப்போது மவுசு வந்துவிட்டது. மலாயில் 'தாசேக்', அதாவது ஏரி, என்று பலகை எழுதி, கரையைச் சுற்றி நடைபாதை போட்டு, பழமையான ஊர் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்கள். பாடாங் செராய் பக்கமிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கார் எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: "அம்மா, இங்க சாப்பிட எங்க நல்லா இருக்கும்?"

நான் கையை நீட்டி ஏதாவது ஒரு கடையைக் காட்டிவிடுவேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் எனக்கு ஞாபகம் வருவது ஜப்பான்காரன் காலத்தில் இதே கரையில் இருந்த கடைகள்தான். கடை என்று சொன்னால் நீங்கள் மேசை நாற்காலியை நினைத்துக்கொள்வீர்கள். நான்கு கம்பும் மேலே கொஞ்சம் கீற்றும் இருந்தால் அது கடை. கீழே அடுப்பும் எரிந்தால் அது பெரிய கடை.

மண் மேட்டை ஒட்டிச் சீன முதலாளியின் கோப்பிக் கடை; தவுக்கே என்போம் அவரை. கோப்பிக்கொட்டை தீர்ந்துபோய் வெகு நாளாகியும் அவர் கடையை மூடவில்லை. சோளத்தையும் மரவள்ளிக்கிழங்குத் தோலையும் கருக வறுத்து, இடித்து, அதே பழைய துணிப் பையில் வடிகட்டிக் கொடுப்பார். கறுப்பாக இருக்கும், சூடாக இருக்கும். அதற்குக் கோப்பி என்று பெயர் வைக்க வேறு காரணம் கிடையாது. இருந்தாலும் அவர் அதை உயரத் தூக்கி ஆற்றிக் கொடுக்கிற அழகுக்காகவே ஆட்கள் போய் உட்கார்ந்திருப்பார்கள். என்னைக் கண்டால், "தங்கச்சி, மினும்லா, குடி" என்று மங்குக் கோப்பையை நீட்டுவார். நான் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பேன். அவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

அடுத்தது மலாய்க்கார அம்மா. நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம். குட்டையில் தூண்டில் போட்டுப் பிடித்த மீனை வாழையிலையில் சுற்றிச் சுட்டு விற்பாள். அந்த வாசனை, நாங்கள் குடியிருந்த தோட்டத்து வரிசை வீடுகளான லயம் வரைக்கும் வந்து என்னைப் பாடாய்ப் படுத்தும். கொஞ்சம் தள்ளிக் கள்ளுக்கடை. அது எந்த அரசாங்கம் வந்தாலும் திறந்திருக்கும்.

கடைசியில், தண்ணீருக்குக் கிட்டத்தில், எங்கள் அக்காவின் கஞ்சிக் கடை. கூடப் பிறந்த அக்கா இல்லை. புருஷன் காய்ச்சலில் போன பிறகு அந்தக் கரையில் தனியாக அடுப்பு மூட்டியவள்; என்னைவிடப் பத்து வயது மூத்தவள்; வாய் கொஞ்சம் நீளம். எனக்கும் அப்படித்தான், அதனால் ஒத்துப்போயிற்று. மரவள்ளிக்கிழங்குக் கஞ்சியும், மக்சிக் ஒதுக்கிப் போடும் மீன்தலைகளைக் கொதிக்கவைத்து பிளிம்பிங் காய் நறுக்கிப் போட்ட புளிப்புச் சாறும்தான் அவள் வியாபாரம். காசுக்கு மதிப்பில்லாத காலம். ஒரு கட்டுக் கீரையோ நாலு விறகோ கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு மங்கு கிடைக்கும்.

அப்போது நான் வயிற்றுப்பிள்ளைக்காரி. என் வீட்டுக்காரரை ரயில் பாதை போடச் சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். போர் முடிந்த பிறகு எலும்பும் தோலுமாக அவர் திரும்பி வந்துவிட்டார். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், நீங்கள் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். கவலை வயிற்றில் இருந்ததைப் பற்றித்தான். எனக்கு முதல் பிள்ளை தங்கவில்லை. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, அழக்கூட இல்லாமல் போய்விட்டது. இந்தத் தடவை எங்கள் லயத்து மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு முகத்துக்கு நேராகவே சொன்னாள்: "நீ தின்னாத்தான் இது தங்கும். நீ காஞ்சா அதுவும் காஞ்சிரும்."

தின்பதற்கு என்ன இருந்தது? ரப்பர்ப் பால் மரம் சீவுகிற வேலை நின்று, தோட்டத்தில் கிழங்கு நட்டுக்கொண்டிருந்தோம். பெண்டாங் பக்கம் நெல் விளைந்தது. அரிசி எங்கள் கண்ணில் படவில்லை. கொடுப்பதற்கு என் கையில் கீரையும் இல்லை, குனிந்து விறகு பொறுக்க வயிறும் விடவில்லை. சும்மா போய்க் கையேந்த எனக்கு வராது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் காலையில் ஒருவரைப் பார்த்தால் வணக்கம் சொல்ல மாட்டோம். "பசியாறியாச்சா?" என்போம். இல்லை என்று பதில் வந்தால், கேட்டவர் உட்காரவைத்துப் போட வேண்டும். அது எழுதாத சட்டம். நல்ல காலத்தில் அது அழகான சட்டம். ஜப்பான்காரன் காலத்தில் அதுவே பெரிய தொல்லையாகிவிட்டது. கேட்காமல் போனால் மரியாதை இல்லை. இல்லை என்று சொன்னால் கேட்டவர் பானையில் கை வைத்த மாதிரி. அதனால் ஊரே, பட்டினி கிடந்த வாயால், "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தது. நானும் சொன்னேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னேன்.

அக்கா என்னிடம் சில நாள் அப்படிக் கேட்டுப் பார்த்தாள். நான் ஒவ்வொரு நாளும் "ஆச்சுக்கா" என்று நடையைக் கட்டினேன். ஒரு நாள் அவள் அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக, "ஏய், இங்க வா. எனக்கு நாக்கு செத்துப்போச்சு. கொஞ்சம் உப்பு பாத்துச் சொல்லிட்டுப் போலா" என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் நாக்கைப் பற்றி எனக்கு எப்போதுமே கொஞ்சம் கர்வம் உண்டு. கல்யாண வீடுகளில் சாம்பாரை முகர்ந்தே குறை சொல்லுகிறவள் நான். சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவள் கரண்டியில் ஊற்றிய மீன்தலைச் சாற்றைக் குடித்து, பெரிய நீதிபதி மாதிரிச் சொன்னேன்: "உப்பு கம்மிக்கா."

"அப்படியா சொல்ற?" என்று அவள் கூரைக் கம்பில் தொங்கிய தேங்காய்ச் சிரட்டையை இறக்கினாள். இரண்டு விரலை உள்ளே விட்டுக் கிள்ளி எடுத்துப் பானையில் தூவிக் கலக்கினாள். "இப்ப பாரு."

இந்தத் தடவை மங்கு நிறைய ஊற்றினாள். குடித்தேன். "இப்பச் சரியா இருக்கு" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் எனக்கு அந்த உத்தியோகம். காலையில் போவேன். உப்பு கம்மி என்பேன். சிரட்டை இறங்கும். கிள்ளித் தூவுவாள். மறுபடியும் குடிப்பேன். சில நாள் கஞ்சிக்கும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்லுவேன். அதற்கும் ஒரு மங்கு. போகப் போக எனக்குத் திமிர் ஏறிவிட்டது. நான் வந்து பார்க்காவிட்டால் அந்தக் கடைச் சாற்றை ஒருவரும் வாயில் வைக்க முடியாது என்று லயத்தில் பேசினேன். கிளம்பும்போது மட்டும் மரியாதைக்குக் கேட்பேன், "நீங்க பசியாறியாச்சாக்கா?" என்று. "ஆச்சு, ஆச்சு. எப்பவோ ஆச்சு" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள். மணிக்கட்டில் கிடந்த அவள் வளையல் முழங்கை வரைக்கும் ஏறுவதை நான் பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் நினைக்கவில்லை.

எனக்கு மாதம் நிறைந்து பெண் பிறந்தாள். சின்ன உடம்பு, ஆனால் லயமே எழுந்து வருகிற மாதிரி அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நான் அழுதேன். மருத்துவச்சி குழந்தையைத் துடைத்து என் பக்கத்தில் போட்டுவிட்டு, "கண்ணு பட்டுரும், சுத்திப் போடணும். உப்பும் மிளகாயும் எடு" என்றாள்.

லயத்தில் எந்த வீட்டிலும் உப்பு இல்லை. கிடைக்காத சாமான் அது. நான் படுத்தபடியே பெருமையாகச் சொன்னேன்: "அக்கா கடைல இருக்கு. சிரட்டைல வச்சிருக்காங்க. தினமும் நான்தானே பாக்கறேன்!"

மருத்துவச்சி போனாள். இரண்டு மிளகாயோடு திரும்பி வந்தாள்.

"அங்க ஏது உப்பு? நீ அங்க போக ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தீந்துபோச்சாம். சிரட்டைய நானே கவுத்துப் பாத்தேன். உன்கிட்டச் சொல்ல வேணாம்னாங்க. நீ என்னடான்னா தினம் பாக்கறேங்கற!"

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இத்தனை நாள் வெறும் விரலைத் தூவி என்னை முட்டாளாக்கியிருக்கிறாளே, நானும் சரியா இருக்கு, சரியா இருக்கு என்று தலையை ஆட்டியிருக்கிறேனே என்று பொருமினேன். அப்புறம் பக்கத்தில் கிடந்தது முகத்தைத் திருப்பி, வாயால் என் மாரைத் தேடியது. தேடிப் பிடித்ததும் பால் வந்தது. அதற்குப் பிறகு கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. உப்புக்குப் பதில் தெருமண்ணை எடுத்து மிளகாயோடு சேர்த்து மருத்துவச்சி சுற்றிப் போட்டாள்.

எழுந்து நடக்க முடிந்ததும் பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு குட்டைக் கரைக்குப் போனேன். பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. அக்கா இன்னும் வந்திருக்கவில்லை. மக்சிக்கிடம் போய் நின்றேன். அவள் பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, கேட்காமலே மீன்தலைகளை இலையில் வைத்துக் கொடுத்தாள். அக்காவின் அடுப்பை நானே மூட்டினேன். தவுக்கே தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஒரு கை பிளிம்பிங் காயைக் கொண்டுவந்து பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

சாறு கொதிக்கும்போது அக்கா வந்தாள். பிள்ளையை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அப்புறம்தான் அடுப்பைப் பார்த்தாள்.

"என்னடி இது, என் கடைல நீ?"

"எனக்கு நாக்கு செத்துப்போச்சுக்கா. கொஞ்சம் உப்பு பாத்துச் சொல்லுங்க."

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிள்ளையை மடியில் கிடத்தி உட்கார்ந்தாள். கரண்டியை வாங்கிக் குடித்தாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

நான் சிரட்டையை இறக்கினேன். வெறும் சிரட்டைக்குள் இரண்டு விரலை விட்டுக் கிள்ளிப் பானையில் தூவிக் கலக்கினேன். "இப்ப பாருங்க" என்று மங்கு நிறைய ஊற்றினேன்.

அவள் வைத்த வாய் எடுக்காமல் குடித்தாள். இன்னொரு மங்கு ஊற்றினேன், அதையும் குடித்தாள். பானையின் அடியில் கரண்டி தட்டும் வரைக்கும் நான் விடவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வழிந்தது. புகை என்றாள்.

"பசியாறியாச்சாக்கா?" என்று கேட்டேன்.

"ஆச்சு" என்றாள், என் முகத்தைப் பார்த்து.