ரொனால்டு சொன்ன புளியமரம்

மலைக்கோட்டை அடிவாரத்தில் தள்ளுவண்டி போட்டுக் கொய்யாவும் வெள்ளரிக்காயும் விற்கிற மரியசெல்வி அக்காவுக்கு வியாபாரமே வராது. காயை அறுக்கும்போதே கவனம் எங்கேயோ போய்விடும். அக்கா, கோட்டை பார்க்க வருகிறவர்கள் கையில் வைத்திருக்கிற செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஆட்டோ நிறுத்துகிற எனக்கு அதன் காரணம் தெரியும்.

அக்காவுக்கு ஒரே மகன், ரொனால்டு. நாகல் நகரில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான். சிறுமலை, ஆத்தூர் அணை, பேகம்பூர் பள்ளிவாசல் என்று ஒவ்வொன்றாக வீடியோ எடுத்து யூடியூபில் போடுவான். ஒருநாள் கடைக்கு லீவு போட்டுவிட்டு அய்யலூர் ஆட்டுச்சந்தையையும் எடுத்து வந்தான்.

"ஆட்டைப் பாக்க எவன்டா டூர் வருவான்?" என்று கேட்டேன்.

"ஒங்க ஆட்டோவுலயே ஆளு ஏறுதுல்ல மாமா? ஆட்டைப் பாக்க வர மாட்டானா?" என்றான். வாய் அப்படி.

மலைக்கோட்டை வீடியோதான் நன்றாக ஓடியது. "வாங்கப்பு, ஏறிப் பாப்போம்" என்று ஆரம்பிப்பான். வெளியூர்க்காரர்கள் அதைப் போட்டுக் கேட்டுக்கொண்டேதான் மலை ஏறுவார்கள்.

முந்தின வருஷம் நத்தம் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் அக்கா இந்த வண்டியோடு இங்கே வந்துவிட்டது.

"ஒன் போன்லயே அவன் வீடியோவப் போட்டுக் கேக்கலாம்லக்கா. எதுக்கு இந்த வெயில்ல கெடந்து சாகுற?" என்று ஒருநாள் சத்தம் போட்டேன்.

"நான் போட்டா அது செத்தவன் பேச்சு, மிக்கேலு. அவுங்க போட்டா அவன் வழி சொல்லிக்கிட்டு இருக்கான்."



அந்த வீடியோவில், "வண்டிய புளியமரத்தடியில விடுங்க, நல்ல நெழலு" என்று சொல்லியிருப்பான். இந்த ஆடிக்காற்றில் அந்த மரம் சாய்ந்துவிட்டது. துண்டு போட்டு அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அடிக்கட்டைகூட இல்லை. வருகிறவர்கள் மரத்தைத் தேடிச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

"கிறுக்குப்பய, இல்லாத மரத்தச் சொல்றான் பாரு" என்றான் ஒருவன்.

அக்கா கத்தியைப் போட்டுவிட்டு ஓடியது. "மரம் இருந்துச்சுய்யா! மாதா சத்தியமா இருந்துச்சு. இந்தா, இந்தச் செவுத்தோரமா விடுங்க. மத்ததெல்லாம் அவன் சொல்றது சரிதான்யா."

அன்றிலிருந்து அதுவே வேலையாகிப்போனது. வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடும். மரம் நின்ற இடத்தில் நின்று சுவரைக் கைகாட்டும். இங்கே கொய்யாவில் ஈ மொய்க்கும், நான்தான் விரட்டுவேன். மகன் சொல்வது தப்பென்று யாரும் அவனை நிறுத்திவிடக் கூடாது. அக்காவுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் பக்கத்துக் கார் ஒன்று வந்தது. ஒரு பெண்பிள்ளை கையில் போன். "வாங்கப்பு" என்று ரொனால்டு ஆரம்பித்ததுமே அக்கா கிட்டே போய் நின்றுவிட்டது.

"மரம் விழுந்துருச்சும்மா. செவுத்தோரமா விடுங்க. மத்ததெல்லாம் சரியாத்தான் சொல்லுவான், கேளுங்க."

"பரவால்லீங்க ஆன்ட்டி, இது பழைய வீடியோ. இந்தண்ணன் இப்பல்லாம் போடறதே இல்லீங்க" என்றது அந்தப் பிள்ளை. போன் திரையை விரலால் ஒரு தள்ளுத் தள்ளியது. வீடியோவில் வேறு ஒரு பையன் பேச ஆரம்பித்தான். மரம் விழுந்துவிட்டது, சுவரோரம் வண்டியை விடுங்கள் என்று அவனே சொன்னான். கேட்டுக்கொண்டே அவர்கள் ஏறிப்போய்விட்டார்கள்.

அக்கா அங்கேயே வெயிலில் நின்றது. நான் போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து நிழலில் உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"இந்தப் பய யாரு, மிக்கேலு?"

"யாரோ புதுசா வந்தவன்க்கா. விடு."

 அப்புறம், "உசுரோட இருக்கான்ல, அதான் மரம் விழுந்தது தெரிஞ்சிருக்கு" என்றது.

அடுத்த கார் வந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் மரத்தைத் தேடி எட்டி எட்டிப் பார்த்தார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.