நர்ஸம்மா வண்டிக்கு நான் ஊற்றிய விளக்கெண்ணெய்

நர்ஸம்மா ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன் கைப்பிடிகளைப் பிடித்து இடமும் வலமுமாக ஏழெட்டுத் தடவை உலுக்குவார். அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசிப் பக்கம் ஒரு பெண் ஸ்கூட்டர் ஓட்டுவதே வேடிக்கை. அதைப் பிடித்து ஆட்டுவது அதைவிட வேடிக்கை. வண்டிக்குச் சாமி வந்துவிட்டது என்று சிரித்தார்கள். காரணம் எனக்குத் தெரியும். அந்த வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும், ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு அவுன்ஸ். நின்ற வண்டியில் ஆயில் அடியில் தங்கிவிடும். ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். மருந்தைக் குலுக்கிவிட்டுக் குடிங்க என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றியவன். நர்ஸம்மா ஆயில் அளந்ததும் என் மருந்துக் கிளாசில்தான்.

மலை எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன வண்டி அது. வாங்கியதிலிருந்து நர்ஸம்மா வேறு யாரையும் அதைத் தொடவிட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவார். சைலன்சர் அடைத்துக்கொண்டால் அதையும் கழற்றி விறகடுப்பில் போட்டு எரிப்பார். சுற்றுப்பட்டு ஊர்களில் பிரசவத்துக்கு மாட்டுவண்டியில் போய்ச் சேருவதற்குள் காரியம் கைமீறிப் போனதை இரண்டு முறை கண்ணால் பார்த்தவர். ஊர்ப் பெரிய மனுஷர்களுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. பெண்பிள்ளை காலைத் தூக்கி வண்டியை உதைப்பதுதான் பெரிதாகத் தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி மேலே மனுப் போட்டார்கள். மேலதிகாரி ஜீப்பில் வந்து, வண்டி ஒரு தடவை வழியில் நின்றாலும் அதை விட்டுவிட்டு மாட்டுவண்டியில்தான் போகவேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார். “நிக்காது சார்” என்று சொல்லி நர்ஸம்மா கையெழுத்துப் போட்டார். அதை நிற்க வைத்த புண்ணியவான் நான்தான்.

சாரல் காலம். ஒருநாள் நர்ஸம்மா வார்டில் வேலையாக இருந்ததால் பெட்ரோல் ஊற்றும் வேலையை முதல்முறையாக என்னிடம் விட்டார். ஆயில் டின் காலி. தென்காசி வரை சைக்கிள் மிதிக்கச் சோம்பல். அலமாரியில் ஜாடி நிறைய விளக்கெண்ணெய் இருந்தது. எண்ணெய்தானே என்று எட்டு அவுன்ஸ் சரியாக அளந்து ஊற்றினேன். அளவு சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று நம்புவது கம்பவுண்டர் புத்தி. விளக்கெண்ணெய் பெட்ரோலோடு ஒட்டாது, எவ்வளவு குலுக்கினாலும் பிரிந்துவிடும் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் ஆய்க்குடியிலிருந்து ஒருவர் சைக்கிளில் விரைந்து வந்தார். தம்பி பெண்டாட்டிக்கு வலி, பிள்ளையின் கால் முதலில் வருகிறது என்றார். நர்ஸம்மா வண்டியை உலுக்கி உதைத்தார். மருந்துப் பையோடு நான் பின்னால் ஏறிக்கொண்டேன். பாதி வழியில் வண்டி இருமி, புகைந்து, ஒரு டீக்கடைக்கு நேரே நின்றுவிட்டது.

கடையிலிருந்த நாலு பேரும் எழுந்து வந்தார்கள். “வேய் கம்பவுண்டரே, இறங்கித் தள்ளும்வே. நர்ஸம்மா, மாட்டுவண்டி கட்டச் சொல்லவா?” என்று ஒருவர் இளித்தார். நர்ஸம்மா பிளக்கைக் கழற்றியபடியே சொன்னார்: “வண்டி நின்னது உங்களுக்குச் சந்தோஷம்னா இருந்துக்கிடுங்க. நான் வேலையப் பாக்கேன்.” பிளக்கைத் துடைத்து, தீக்குச்சியில் காய வைத்து, மாட்டி உதைத்தார். இரண்டு முறை துப்பிவிட்டு மறுபடி நின்றது. மறுபடி கழற்றினார். புகையில் வந்த வாடை என் ஜாடியின் வாடை. வாயைத் திறந்தால் என் மானம் போகும். திறக்காவிட்டால் ஆய்க்குடியில் ஒரு பெண்ணின் உயிர் போகும். இதற்கு ஏன் யோசித்தேன் என்று இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம்தான்.

சொன்னேன். நாலு பேரும் கேட்கத்தான் சொன்னேன். நர்ஸம்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். “வண்டிக்குப் பேதிக்குக் குடுத்திருக்கீக அண்ணாச்சி” என்றார். பிறகு டேங்கின் அடிக்குழாயைப் பிடுங்கினார். கொழகொழவென்று விளக்கெண்ணெய் முதலில் இறங்கியது. தெளிந்த பெட்ரோல் வந்ததும் அடைத்தார். கார்பரேட்டரைக் கழற்றி ஊதினார். ஆனால் வெறும் பெட்ரோலில் ஓட்டினால் பிஸ்டன் இறுகிப்போகும். இளித்த ஆளிடமே திரும்பி, “தள்ள எல்லாம் வேண்டாம். உங்க பம்புசெட்டுக்கு ஊத்துத ஆயில்ல நாலு அவுன்ஸ் கொண்டாங்க. நடந்து இல்ல, ஓடி” என்றார். அந்த மனுஷர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் எடுத்து வந்தார். பையிலிருந்த மருந்துக் கிளாசில் அளந்து ஊற்றி உலுக்கினார் நர்ஸம்மா. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். திரும்பி வந்ததும், வண்டி வழியில் நின்றது என்று நர்ஸம்மா தன் கையாலேயே ஆஸ்பத்திரி நோட்டில் எழுதினார். அதன் கீழே விளக்கெண்ணெய் விஷயத்தை நான் எழுதினேன். ஒரு வாரத்தில் அதிகாரி வந்தார். இரண்டையும் வாசித்துவிட்டு, “எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதானே? வண்டியை விட்டுருங்க” என்றார்.

நர்ஸம்மா நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டி அவர் முன்னால் வைத்தார். “சரி சார். அடுத்த பிரசவத்துக்கு மாட்டுவண்டியிலயே போறேன். போய்ச் சேருததுக்குள்ள உயிர் போச்சுன்னா இங்கன யார் பேர எழுதணும்? அதை மட்டும் இப்பவே நீங்க எழுதிருங்க.” பேனாவையும் நீட்டினார். அதிகாரி பேனாவைப் பார்த்தாரே தவிர வாங்கவில்லை.

அந்நேரம் இலஞ்சியிலிருந்து பிரசவத்துக்குக் கூப்பிட ஆள் வந்தது. நர்ஸம்மா அதிகாரியிடம் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே போய் வண்டியை உதைத்தார். நான் பையோடு பின்னால் ஏறினேன். வாசலை அடைத்து அதிகாரியின் ஜீப் நின்றது.

“டிரைவர் அண்ணாச்சி, ஜீப்ப எடுங்க” என்றார் நர்ஸம்மா. டிரைவர் அதிகாரியின் பக்கம்கூடத் திரும்பாமல் ஜீப்பைப் பின்னுக்கு எடுத்தார்.