காப்பியில் கலந்த தலைவலித் தூள்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறுவருஷம் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. மலாக்கா பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்து, ரத்தம் கட்டிப்போகாமலிருக்க ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில், வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று வெள்ளைக்கார டாக்டர் கேட்டார். தமிழ்ப் பள்ளி ஆசிரியையான எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். நான்தான் அப்பாவிடம் தமிழில் கேட்டேன்.

“நா என்னத்தம்மா சாப்பிடுறேன். ஒன்னுமில்லன்னு சொல்லு.”

இல்லை என்றேன். அன்று காலை நான் பிளாஸ்கில் கொண்டுபோன காப்பியிலேயே ஒரு பொட்டலம் தலைவலித் தூள் கலந்திருந்தது. கலக்கியவளும் நான்தான்.

நாங்கள் குடியிருந்த காஜா பெராங்கில் அந்தத் தூளை யாரும் மருந்தென்று சொன்னதில்லை. மூலைக் கடையில் சீனிக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் சரமாகத் தொங்கும். தூள் போடாத காப்பி அப்பாவுக்குக் காப்பியே இல்லை. இருபது வருஷமாகத் தினமும் இரண்டு பொட்டலம்.

இரண்டு வாரத்தில் ஈறில் ரத்தம் கசிந்தது. கையெல்லாம் நீலம் பாய்ந்தது. உடம்புச் சூடு என்று அம்மா பார்லித் தண்ணீர் காய்ச்சினாள். பார்க்க வந்த கடைக்காரர் தன் பங்குக்கு வைத்தியம் சொன்னார். “ஒடம்பு வலின்னா மூனாப் போட்டுக்குங்கண்ணே. ஒன்னும் ஆவாது லா.” அந்த மனுஷரை நினைத்தால் இன்றும் பல்லைக் கடிக்கிறேன். ஆனால் மூன்றாவது பொட்டலத்தையும் பிரித்துக் கொட்டியது என் கைதான்.

அப்பா ரத்த வாந்தி எடுத்தார். டாக்சியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். அதே டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பாவின் சட்டைப் பையிலிருந்த பொட்டலங்களை எடுத்து மேசையில் வைத்தேன். தூளே ரத்தத்தை உறைய விடாது, அந்த மாத்திரையோடு சேர்ந்தால் ஆளையே கொன்றுவிடும் என்று டாக்டர் கத்தினார். முதலிலேயே தலைவலித் தூளைப் பேர் சொல்லி, அதைத் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்?

அப்பா என் கையைப் பிடித்தார். “அது மருந்தில்லம்மா. காப்பிக்குப் போடுறது.”

மூன்றாம் நாள் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் விதி விதி என்றார்கள். விதியாம், மண்ணாங்கட்டி. டாக்டர் கேட்டார். அப்பா தூள் போடுவது எனக்குத் தெரியும். இல்லை என்று சொன்னேன்.