ஒன்றரை அங்குலம் தள்ளி

பந்தை உருட்டிப் பத்துப் பின் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் கூடத்தில் அவளுக்கு 'ஓட்டை அக்கா' என்று பெயர். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, ஒட்டிக்கொண்டது. வாடகை ஷூ கவுண்டருக்குப் பக்கத்தில் ஓர் ஒடுக்கமான கடை. பதினெட்டு வருடமாக அங்கே பந்துகளில் விரல் துளை போடுகிறாள். "மூணு ஓட்டைதானே, சட்டுனு போட்டுக் குடுங்க" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் தொலைந்தார்கள்.

"ஓட்டை போடறதா சார் பெரிசு? எங்க போடறோம்ங்கறதுதான் விஷயம். உள்ள கனமா ஒரு கட்டி இருக்கு. அதோட தலை எங்கேன்னு காட்டத்தான் மேல இந்தக் கலர் புள்ளி. உங்க பந்து எந்த இடத்தை வச்சு சுத்துதோ, அங்கேர்ந்து புள்ளி நாலு அங்குலத்துல இருந்தா நல்லா வளையும். ஏழு கிட்டப் போச்சுன்னா சும்மா நேரா ஓடும், பின் மொத்தமா விழாது."

அதனால் யாராக இருந்தாலும் முதலில் பந்தை எறிந்து காட்டியாக வேண்டும். பந்தில் வெள்ளை டேப் ஒட்டுவாள். உருளும்போது எந்த இடத்து டேப் ஆடாமல் நிற்கிறதோ அதுதான் அந்த ஆளின் சுழல் புள்ளி. அதை அட்டையில் குறித்துக்கொண்ட பிறகுதான் மெஷினைத் தொடுவாள். கூடத்து முதலாளியையே எறிய வைத்தவள் அவள்.

ஒரு சனிக்கிழமை அண்ணி பந்துப் பையோடு வந்து நின்றாள்.

"உங்க அண்ணன் இதை வித்துடச் சொல்லிட்டார். டீம்லேர்ந்தும் விலகறாராம். பந்து முன்ன மாதிரி வளையவே மாட்டேங்குதாம், தோள் ஆபரேஷனோட எல்லாம் முடிஞ்சுபோச்சுங்கறார். ஆறு வாரமா மனுஷன் சரியாவே பேசறதில்ல."

அது இரண்டு மாதம் முன்புதான் அவளே அண்ணனுக்குத் துளைத்துக் கொடுத்த புதுப் பந்து. துடைக்கலாமென்று எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வளைகிற பந்தில், அது ஓடும் பாதையில் பூசியிருக்கும் எண்ணெய் வளையம் வளையமாக விரிந்து படியும். இதிலோ எல்லா வளையங்களும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் கிடந்தன. அட்டைப் பெட்டியைக் குடைந்தாள். அண்ணனின் அட்டையில் மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி, அதாவது தோள் அறுவைக்கு முன்னால் எடுத்த அளவு. நம்ம அண்ணன்தானே, அவன் கை நமக்குத் தெரியாதா என்று எறியச் சொல்லாமலே துளைத்துத் தொலைத்திருக்கிறாள்!

உடனே போன் போட்டாள்.

"அண்ணே, உன் தோள்ல ஒண்ணும் இல்ல. தப்பு என்னோடது."

"சும்மா இரு. என்னைத் தேத்தறதுக்காகப் பொய் சொல்லாதே. பொறந்ததுலேர்ந்து ஒரு தப்பையாவது நீ ஒத்துக்கிட்டதுண்டா?"

நியாயமான கேள்விதான். அண்ணிதான் போனைப் பிடுங்கி, "கிளம்பி வாங்க, இல்லேன்னா நான் வீட்டுக்கு வரமாட்டேன்" என்று ஒரு போடு போட்டாள்.

அரை மணியில் அவன் உம்மென்று வந்து சேர்ந்தான். பழைய அளவு இருந்த இடத்தில் டேப்பை ஒட்டி, "எறி" என்றாள். டேப் தள்ளாடிக்கொண்டே போயிற்று. கொஞ்சம் நகர்த்தி ஒட்டினாள், மறுபடி ஆடியது. நாலாவது தடவை ஒட்டியபோது டேப் அசையாமல் உருண்டு போனது. அளந்தாள். ஒன்றரை அங்குலம் தள்ளி.

"பார்த்தியா? ஆபரேஷனுக்கப்புறம் நீ கையைத் திருப்பற விதம் மாறியிருக்கு. நாலரை அங்குலத்துல இருக்க வேண்டிய கலர் புள்ளி ஆறுக்குப் போயிடுச்சு. நீ என்னதான் திருப்பினாலும் இது வளையாது. உன்னை எறியச் சொல்லாம விட்டேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்."

அண்ணன் தோளை ஒருதரம் மெல்லச் சுழற்றிப் பார்த்துக்கொண்டான்.

பழைய துளைகளை ரெசின் பிசின் ஊற்றி அடைத்து, இறுகுவதற்கு ஒரு நாள் விட்டு, திங்கள் மாலை புது அளவில் துளைத்தாள். அவன் எறிந்தான். பந்து ஓரமாகவே ஓடியது, போயிற்று போ என்று அவள் பல்லைக் கடித்தபோது வளைந்து உள்ளே பாய்ந்தது. ஒன்பது பின்கள் சரிந்தன. கடைசி மூலையில் ஒன்று மட்டும் ஆடி ஆடி நின்றுகொண்டது.

அவள் முகம் சுருங்கியது. "அளவுல இன்னும் ஏதோ..."

"சும்மா இருடி!" கூடமே திரும்பிப் பார்க்க அண்ணன் சிரித்தான். "அது நான் விட்டது. என் தப்பு!"